அம்பலம் ஏறிய சொல்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறியும் பயனற்றுப் போன கதை இது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், பருத்திக் காடுகளிடையே அமைந்தது டாலஹாச்சி மாவட்டம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 13,000க்கும் குறைவு. அதன் சம்னர் சிற்றூரில் பழைய செங்கல் நீதிமன்றம் ஒன்று நிற்கிறது.

1955 செப்டம்பரில் அங்கே, எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனின் கொலை வழக்கு நடந்தது. சிறுவனின் உறவினரான முதியவர் மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டேறினார். அவனைக் கடத்திச் சென்ற வெள்ளையரை அஞ்சாது சுட்டிக் காட்டினார். ஜூரர் பன்னிருவரும் வெள்ளையர்! ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 'குற்றமற்றோர்' என்று கூறிவிட்டனர். விடுதலையானவர்களே 1956இல் இதழொன்றில் கொலையை ஒப்புக்கொண்டனர். மறு விசாரணைக்குச் சட்டம் இடந்தரவில்லை.

கறுப்பர் பெரும்பான்மையினராக வாழ்ந்த மண்ணில் இது எவ்வாறு நிகழ்ந்தது? வாக்காளரே ஜூரராகலாம் என்பது விதி; வாக்காளர் பட்டியலிலோ கறுப்பர் ஒருவர்கூட இல்லை!

2007இல் அந்நீதிமன்றத்தின் முன்பே மாவட்டத்தார் வருத்தம் தெரிவித்தனர். 2023இல் அக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னத்தின் பகுதியாயிற்று.

தோழர்களே! வாக்குரிமை பறிக்கப்பட்ட இடத்தில் நீதிமன்றம் வெறும் கட்டடமே. பட்டியலில் பெயர் ஏறட்டும். அம்பலத்தில் சொல் நிற்கும்.