வலையமைப்புக் கருவி கண்டறி முகவர்

நிறுவனத்தின் உள்வலையமைப்பில் இணைந்துள்ள ரவுட்டர், சுவிட்ச், கேமரா, அச்சுப்பொறி முதலியவற்றைத் தேடிக் கணக்கெடுக்கும் சிறு மென்பொருள். பிங் கட்டளை, எஸ்என்எம்பி என்னும் வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை ஆகியவற்றின் வழியே கருவிகளை விசாரித்து, விவரங்களை மேகக் கட்டுப்பாட்டுத் தளத்துக்கு அனுப்பும். இணைப்பை முகவரே உள்ளிருந்து தொடங்குவதால் தீச்சுவரில் வெளியிலிருந்து நுழைய வழி திறக்க வேண்டியதில்லை. இம்முறையின் பெருஞ்சிறப்பு இதுவே. தேட வேண்டிய ஐபி வரம்பு, நேரம், புதுப்பிப்பு எல்லாம் தளத்திலிருந்தே குறிக்கப்படும். எஸ்என்எம்பியின் 3ஆம் பதிப்பையே கையாள்வது நல்லது. முந்தைய பதிப்புகளில் அனுமதிச்சொல் மறையாக்கமின்றிச் செல்கிறது.

நார்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் என முனையங்கள் பிரிந்துள்ள மலேசியாவின் போர்ட் கிள்ளான் போன்ற துறைமுகங்களுக்கு இத்தகைய கணக்கெடுப்பு இன்றியமையாதது. கப்பல் துறையும் இணையத் தாக்குதலுக்குத் தப்பவில்லை: 2017இல் நாட்பெட்யா என்னும் தீநிரல் தாக்கியபின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ நேர்ந்தது. மலேசிய இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 போக்குவரத்தையும் முக்கியத் துறைகளுள் சேர்த்துள்ளது. அது 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ளது.