தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

வேலூரை அடுத்த சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். கிழக்கே போனால் மேல்விசாரம், இராணிப்பேட்டை. மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. இரு பக்கமும் தோல் பதனிடும் ஊர்கள். ஒரு காலத்தில் இங்கெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதனிட்டன; பின்னர் குரோம் உப்பு வந்தது. டேனரிகளில் ஒரு சோதனை செய்வார்கள். குரோமில் பதனிட்ட தோலில் சிறு துண்டை வெட்டிக் கொதிநீரில் போடுவார்கள். சுருங்காவிட்டால் பதம் சரி. பச்சைத் தோலோ ஏறக்குறைய 60, 65 டிகிரியிலேயே சுருண்டு சிறுத்துவிடும்.

ஏன் சுருள்கிறது? தோலுக்குள் அப்படி எதுதான் இருக்கிறது?

தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். எலும்பிலும் தசைநாணிலும் இருப்பதும் அதுவே. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கூழாக உறைகிறதே, அது கொல்லாஜன் வெந்து கரைந்ததன் விளைவுதான். இப்புரதத்தின் அணு அமைப்பை விளக்கும் சரியான வழி, தோலைத் தொட்டுப் பழகாத ஓர் இயற்பியல் துறையிலிருந்து, அதுவும் நம் சென்னையிலிருந்தே வந்தது என்றால் வியப்பாக இல்லையா?

1952-இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்றவர், படிகங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்வதில் தேர்ந்தவர். சென்னைக்கு வந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொல்லாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று அவரிடம் கூறினார். பாலிங்கும் கோரியும் 1951-இல் வெளியிட்ட வடிவம் எக்ஸ் கதிர்ப் படங்களோடு ஒத்துவரவில்லை. அதிர்ஷ்டவசமாக மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே இருந்தது. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாணும் எக்ஸ் கதிருக்கு முன் வைக்கப்பட்டது!

வேதியியலார் முன்பே ஒரு துப்பைக் கண்டிருந்தனர். கொல்லாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது இது. இதன் பக்கத் தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்று சங்கிலிகள் நெருக்கமாகச் சேர்ந்தால் நடுவில் இடமே இராது. அங்கே கிளைசின் மட்டுமே அடங்கும். எனவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் இருக்க வேண்டும் என்று இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முடிவு செய்தனர். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அது வெளியாயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். அந்த வடிவத்தில் சுற்றுக்குச் சரியாக மூன்று அமிலங்கள். எக்ஸ் கதிர்ப் படமோ மூன்று சுற்றுக்குப் பத்து என்றது. அப்படியானால் கிளைசின் நடுவை விட்டு விலகிப் போகுமே? நிலவை நினைத்துப் பாருங்கள். பூமியைச் சுற்றிக்கொண்டே ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுகிறது. அதுபோல ஒவ்வொரு சங்கிலியும் தானும் சுருண்டு, நடு அச்சையும் சுற்றி வந்தால், கிளைசின் எப்போதும் உட்புறமே நோக்கி நிற்கும். கயிறு திரிப்பவர்கள் மூன்று புரிகளை முறுக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1955 செப்டம்பரில் இந்தத் திருத்திய வடிவம் வந்தது.

நவம்பரிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் அலெக்சாண்டர் ரிச்சும், டி.என்.ஏ. அமைப்பால் புகழ்பெற்ற பிரான்சிஸ் கிரிக்கும். பொதுக் கருத்து சரிதான், ஆனால் சில அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்றனர். மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை சொன்னது; ஒன்றுதான் என்றனர் அவர்கள். தொலைவில் ஒரு சிறிய ஆய்வகத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எண்ணிப் பாருங்கள்.

இராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. 'மிக நெருக்கம்' என்பதற்கு எல்லை எது என்று கேட்டார். அதுவரை தீர்க்கப்பட்ட படிக அமைப்புகளைத் திரட்டி, இரு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்று அவருடைய குழு கணக்கிட்டது. பின்பு சங்கிலியின் இரு திருப்பு கோணங்களை மாற்றி மாற்றி, எவை இயலும், எவை இயலாது என்று கட்டம் வரைந்தனர். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963-இல் வெளியிட்டதே 'இராமச்சந்திரன் வரைபடம்'. உலகில் எங்கு ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும் இன்றும் இதில் வைத்தே சரிபார்க்கிறார்கள். என் கணிப்பில், இது கொல்லாஜனைவிடப் பெரிய சாதனை. ஆனால் அந்தக் குறை எழுந்திராவிட்டால் இது பிறந்திருக்குமா என்பது ஐயமே.

மீண்டும் டேனரிக்கு வருவோம். வெப்பம் ஏறும்போது மூன்று புரிகளும் முறுக்கவிழ்ந்து தாறுமாறாகச் சுருள்கின்றன. தோல் சுருங்குவது அதனால்தான். குரோமியம் கொல்லாஜனில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு அமைப்பைக் கட்டிப்போடுகிறது. பற்றாமல் மிஞ்சும் குரோமியம் கழிவுநீரோடு போகிறது. பாலாற்றங்கரை மக்களுக்கு அதன் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரிக்குடன் எழுந்த வழக்கு என்னவாயிற்று? நேரடிப் பிணைப்பு ஒன்று. மற்றொன்று நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்று 1968-இல் இராமச்சந்திரனும் சந்திரசேகரனும் கூறினர். 1994-இல் அமெரிக்காவில் கொல்லாஜனை ஒத்த ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பைத் தீர்த்தார்கள். முப்புரி அப்படியே இருந்தது. நேரடிப் பிணைப்பு ஒன்றே இருந்தது. சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளை இணைத்து உறைபோல் நின்றன.