ரெண்டு பைகளின் கதை

பதினாலு வயசு மகள் நோட்டில் மாயாஜாலக் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள், இங்கிலீஷில். "பழசையும் கொஞ்சம் படிம்மா"ன்னேன். "படிச்சா என் கதையும் அது மாதிரியே ஆயிடும்ப்பா"ன்னு பட்டென்று பதில்.

நியாயமான பயம்தான். ஆனா லக்னோவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு நினைவுக்கு வந்தவர் தேவகிநந்தன் கத்ரி. 1994-ல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் வர ஆரம்பித்த 'சந்திரகாந்தா' இவருடைய கதைதான். (ஹிந்தி புரியாமலே "யக்கூ"ன்னு கத்தித் திரிந்தவர்கள் கை தூக்கவும்!)

நாவல் வந்தது 1888-ல். காசிக்குப் பக்கத்தில் சகியா, நவ்கட் காடுகளில் கத்ரி காண்ட்ராக்டர். இடிந்த கோட்டைகளைப் பார்த்தார், கதை பிறந்தது என்பார்கள். அது பாதிதான். அய்யார், திலிஸ்ம் எல்லாம் உருது 'தாஸ்தான்' கதைகளின் சரக்கு. 'திலிஸ்மே ஹோஷ்ருபா'வை 1883 முதல் அச்சடித்தது இதே லக்னோவின் நவல் கிஷோர் பிரஸ். அதையும் சேர்த்து அமீர் ஹம்ஸா கதைகள் மொத்தம் 46 தொகுதி! ஹஸ்ரத்கஞ்சில் அவர் பெயரில் ரோடு இருக்கிறது.

தாஸ்தானில் அமர் அய்யாரிடம் 'ஜம்பீல்' என்றொரு பை. ஊரையே உள்ளே போடலாம், நிரம்பாது. கத்ரியின் தேஜ்சிங்கிடமும் ஒரு பை உண்டு. அதில் மயக்கப்பொடி, மயக்கம் தெளிவிக்க முகரவைக்கும் 'லக்லகா', வேஷம் போடும் சாமான். அவ்வளவுதான். தாஸ்தானில் திலிஸ்ம் என்றால் மந்திரவாதி கட்டிய மாய உலகம். கத்ரியிடம் அது ரகசியக் கதவும் யந்திரப் பொறியும் வைத்த புதையல் கட்டடம். பையை வைத்துக்கொண்டு மந்திரத்தை மட்டும் உருவிவிட்டார். எதை உருவுவது என்று தெரிய, உள்ளே என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இந்த நாவலைப் படிக்கவே நாகரி எழுத்துக் கற்றவர்கள் உண்டு என்பார்கள். (அடுத்து வந்த 'சந்ததி' 24 பாகம். நடுவில் நான் தூங்கியது வேறு விஷயம்.)

மகள் சொன்னதும் பொய்யில்லை. கத்ரியைப் பார்த்து ஹிந்தியில் திலிஸ்மி நாவல்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றை இன்று யாரும் தேடுவதில்லை. அவர்களுக்குக் கத்ரியே போதுமானதாக இருந்திருக்கிறார்.

ரெண்டு பையையும் பற்றிச் சொன்னேன். "முதல் பை சூப்பர்ப்பா, எந்த புக்?" என்றாள். ஹோஷ்ருபாவின் முதல் பாகம் 2009-லேயே இங்கிலீஷில் வந்துவிட்டது, முஷர்ரஃப் அலி ஃபரூக்கி மொழிபெயர்ப்பு. வாங்கிக் கொடுத்தாச்சு. மதனகாமராஜன் கதையைத்தான் ராத்திரி நான் வாசித்துக் காட்டுகிறேன். அவளுக்குத் தமிழ் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வருது.