சங்கிலியும் சட்டமும் குடும்பமும்

மணிமேகலைக் காப்பியத்தில், புகார் நகரத்து வீதியில் சித்தம் கலங்கிய ஒருவன் வருகின்றான். எருக்கம்பூ மாலை அணிந்து, கந்தல் துணி உடுத்து, அழுதும் விழுந்தும் தொழுதும் ஓடியும் தன் நிழலோடு தானே சண்டையிட்டும் திரிகின்றான். அவனுடைய துன்பத்தைக் கண்ட நகர மக்கள் தாமும் வருந்தி நிற்கின்றனர். இக்காட்சியைப் படிக்கும் எவரும் சாத்தனாரின் கனிந்த உள்ளத்தைப் போற்றாதிருக்க இயலாது. எனினும் காப்பியம் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அவன் யார் பெற்ற மகன்? பொழுது சாய்ந்தபின் எந்த வீட்டிற்குத் திரும்பினான்? அவனைத் தேடி எந்தத் தாய் வாசலில் காத்திருந்தாள்?

வீதியில் நின்று வருந்துவோர் வேறு; வீட்டிற்குள் இருந்து வருந்துவோர் வேறு. கடுமையான மனநோய் கண்டவரை, அவருடைய விருப்பத்திற்கு மாறாகச் சிகிச்சைக்கு உட்படுத்தலாமா என்னும் வினாவுக்குச் சட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறது. அந்த வரலாற்றை, வீட்டிற்குள் இருப்போரின் பக்கமிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பகங்களின் தோற்றம்

சென்னையில் 1794ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வாலண்டைன் கொனாலி என்பவரின் பொறுப்பில் ஒரு காப்பகம் தொடங்கப்பெற்றது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்திற்கு வந்தது. அன்று முதல் 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே தமிழரிடையே ஒரு கேலிச் சொல்லாகிவிட்டது. திரைப்படங்களிலும் திண்ணைப் பேச்சுகளிலும் அச்சொல்லைக் கேட்டுச் சிரித்தவர் பலர். தம் வீட்டில் ஒருவரை அங்கே சேர்த்திருந்தவர்களோ, அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தலைகுனிந்தனர்.

அரசாட்சி கம்பெனியிடமிருந்து விக்டோரியா அரசியாரிடம் சென்ற 1858ஆம் ஆண்டில், சித்தம் கலங்கியோர் பற்றி மூன்று சட்டங்கள் இயற்றப்பெற்றன. அவற்றுள் இரண்டு, பெரும்பாலும் நோயாளியின் சொத்தை நிருவகிப்பது யார் என்பதைப் பற்றியவை. மூன்றாவது, காப்பகங்களைப் பற்றியது. வீதியில் திரிவோரையும் ஆபத்தானவர் எனக் கருதப்படுவோரையும் காவல் துறையினர் பிடித்து நடுவரிடம் நிறுத்த வழிசெய்தது. சொத்தைக் காப்பதும் ஊரைக் காப்பதுமே அன்றைய சட்டத்தின் கவலைகள். நோயைத் தீர்ப்பது அதன் கவலையாக இருக்கவில்லை. தீர்க்கும் மருந்தும் அன்று இல்லை.

இவற்றை ஒன்றிணைத்து 1912ஆம் ஆண்டின் நான்காம் சட்டம் வந்தது. கணவனோ மனைவியோ உறவினரோ நடுவரிடம் மனுச் செய்ய வேண்டும். மனுதாரர் அதற்கு முந்திய பதினான்கு நாள்களுக்குள் நோயாளியை நேரில் கண்டிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ்கள் இரண்டு வேண்டும். அதன் பின்னரே அனுமதி ஆணை. அலுவலகக் கோப்புகளில் பிரிவும் உட்பிரிவும் எழுதிப் பழகிய நமக்கு, இந்த நடைமுறையில் ஒரு நியாயம் புலப்படவே செய்கிறது. பொய்யாகப் பட்டம் கட்டி ஒருவரை அடைத்துவிடக் கூடாதல்லவா? ஆயினும் ஒரு தாய் தன் மகனுக்கு மருத்துவம் வேண்டி, குற்றவாளிகள் நிற்கும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. நோயைக் குற்றத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திய சட்டம், குடும்பத்தின் நாணத்தையும் பன்மடங்கு பெருக்கியது.

எல்லையில் ஒரு சிற்றூர்

இச்சட்டங்கள் ஒரு சிற்றூரில் எவ்வாறு பொருள்பட்டன என்பதை அறியக் கோபிநத்தத்தை எடுத்துக்கொள்வோம். காவிரியை ஒட்டிய மலைக்காடுகளின் நடுவே, தமிழக எல்லையை அடுத்து, தமிழ் பேசும் மக்கள் வாழும் ஊர் அது. நாளிதழ்கள் அதனை வீரப்பன் பிறந்த ஊர் என்று மட்டுமே அறியும். நம் பொருளுக்கு வேண்டுவது அவ்வூரின் ஆட்சி எல்லைகள் மாறிய வரலாறேயாகும்.

கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சென்னை மாகாணத்தின் காப்பகங்கள் சென்னையிலும் கோழிக்கோட்டிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்தன. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கொள்ளேகால் மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. அதன் பின் இவ்வூராருக்குரிய பெரிய மனநல மருத்துவமனை பெங்களூரில் இருந்தது. அங்கு 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது. 1974இல் அது நிம்ஹான்ஸ் எனும் பெருநிறுவனமாக வளர்ந்தது. மைசூர் மாவட்டத்திலிருந்த இப்பகுதி 1997இல் புதிய சாமராசநகர் மாவட்டத்திற்குச் சென்றது.

ஆட்சி மாறியது, மாவட்டம் மாறியது, தொலைவு மட்டும் மாறவில்லை. மேட்டூர்ச் சந்தைக்குப் போய்வருவது எளிதாயிருக்கும் ஓர் ஊரிலிருந்து, உறக்கமின்றிக் கூச்சலிடும் ஓர் இளைஞனைக் காட்டுச்சாலை வழியே பேருந்தில் ஏற்றிப் பெங்களூர் வரை கொண்டுசெல்வது எளிதன்று. அங்கே சென்றாலும், அவன் காதில் கேட்கும் குரல்கள் தமிழில் பேசுபவை. அவற்றை மருத்துவரிடம் வேறு மொழியில் எடுத்துரைக்க ஒரு துணை வேண்டும். இத்தகைய ஊர்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மூன்று வழிகளே எஞ்சின: வீட்டிலேயே கட்டிவைத்தல், கோயிலுக்கோ தர்காவிற்கோ கொண்டுசெல்லல், கடன்பட்டுத் தொலைநகர் மருத்துவமனையை நாடல். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்கும் வழக்கமும் இத்தேவையிலிருந்து தழைத்ததேயாகும். இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளுதல் எளிது. ஆனால் கோயில் மனுக் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை, தாயை வெளியே நிறுத்தவும் இல்லை என்பதை மறத்தலாகாது.

இந்த உண்மையை உணர்ந்த மருத்துவர்களும் இருந்தனர். அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் 1950களில் வித்யாசாகர் என்னும் மருத்துவர், வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரையும் நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராய்ப் பணிபுரிந்த டாக்டர் எம். சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு நோயாளர்க்கெனச் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நோயாளியை வீட்டிலிருந்து பிரிப்பதன்று, வீட்டையே மருத்துவத்தில் சேர்ப்பது என்பதே இவர்கள் கண்ட நெறி.

ஏர்வாடி

பழைய சட்டத்திற்கு மாற்றாக 1987இல் மனநலச் சட்டம் இயற்றப்பெற்றது. 1993 ஏப்பிரலில்தான் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்ற ஆணை இன்றியே, உறவினரின் விண்ணப்பத்தின் பேரிலும் இரண்டு மருத்துவச் சான்றிதழ்களின் பேரிலும் தொண்ணூறு நாள் வரை நோயாளியைச் சேர்க்க அது வழிவகுத்தது. குற்றமற்ற மனநோயாளரைச் சிறையில் அடைத்தல் சட்டத்திற்கும் அரசமைப்பிற்கும் புறம்பானது என்று உச்சநீதிமன்றம் சீலா பர்சே வழக்கில் 1993இல் தீர்ப்பளித்தது. ஏட்டில் எல்லாம் நன்றாகவே இருந்தன.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை அடுத்திருந்த தனியார் மனநோயாளர் விடுதி ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். இருபத்தெட்டுப் பேர் மாண்டனர். ஓடுவதற்குக் காலிருந்தும் ஓட முடியாமல் அவர்கள் எரிந்தனர் என்பதை எழுதும்போதே நம் கை நடுங்குகிறது.

நாடு அதிர்ந்தது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாநிலந்தோறும் மனநல மருத்துவமனை வேண்டுமெனவும், சங்கிலியிடுதல் சட்டத்திற்கு மாறானது என்பதை மக்களுக்கு உணர்த்த வேண்டுமெனவும் 2002இல் ஆணையிட்டது. விடுதி நடத்தியோர் மீது எழுந்த சினம் நியாயமானதே. ஆயின் அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர் யார்? பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அவர்களை இரக்கமற்றவர் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. இராப்பகலாய்க் காவலிருந்து, நிலத்தை விற்று, அடுத்த பிள்ளையின் திருமணமும் தடைப்பட்டு, இறுதியில் எவரும் துணைவராத நிலையில் அங்கு வந்தோரே அவர்களுள் பலர் என்பதை உணர்ந்தோர் சிலரே. அரசும் ஊரும் தொலைவில் நின்ற இடத்தில் சங்கிலி அருகில் வந்து நின்றது.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

மாற்றுத்திறனாளர் உரிமைகள் குறித்த உலக உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கிணங்க இயற்றப்பெற்ற மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. சங்கிலியிடுதலை அது அறவே தடைசெய்தது. நோயாளியைத் தனக்கென விருப்பமும் உரிமையும் உடைய மனிதராக ஏற்றது இதன் பெருமையாகும்.

விருப்பத்திற்கு மாறான சிகிச்சைக்கு இச்சட்டம் குறுகிய வாயிலையே திறந்து வைத்துள்ளது. 89ஆம் பிரிவின்படி, தனக்கோ பிறர்க்கோ ஊறு விளைவிக்கும் நிலையிலோ, தன்னையே பேணிக்கொள்ள இயலாத நிலையிலோ உள்ளவரை, அவருடைய 'நியமனப் பிரதிநிதி' விண்ணப்பித்தால், ஒரு மனநோய் மருத்துவரும் மற்றொரு வல்லுநரும் தனித்தனியே ஆய்ந்து உறுதிசெய்தபின், முப்பது நாள் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நோயாளி அந்த வாரியத்திடம் முறையிடவும் உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்தான அவசர நேரத்தில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் எழுபத்திரண்டு மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் அதில் அடங்கும். வீதியில் திரிவோரைக் காவல் துறையினர் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்திற்கு இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் அழைத்துச் செல்ல வேண்டும். சிறையில் அடைத்தல் ஆகாது.

இவையெல்லாம் நல்லனவே. எனினும் முப்பதாம் நாள் வீடு திரும்பியவர், நாற்பதாம் நாள் மாத்திரையை வீசியெறிந்தால் குடும்பம் என் செய்வது? நியூயார்க் மாநிலம் 1999இலும், கலிபோர்னியா 2002இலும், இங்கிலாந்து 2007இலும், வீட்டிலிருந்தபடியே மருந்துண்ண ஆணையிடும் சட்டங்களை இயற்றின. அவை உரிமையைப் பறிப்பன என்போரும், உயிரைக் காப்பன என்போரும் அந்நாடுகளில் இன்றும் வாதிடுகின்றனர். இத்தாலி 1978இல், பசாலியா என்னும் மருத்துவரின் முயற்சியால், பழைய காப்பகங்களைப் படிப்படியாக மூடும் சட்டத்தை இயற்றியது. ஊர்தோறும் மனநல நிலையங்கள் நன்கு அமைந்த பகுதிகளில் அது சிறந்தது. அமையாத பகுதிகளில் சுமை குடும்பத்தின் தோளில் இறங்கியது. வற்புறுத்தும் சட்டமாயினும் விடுவிக்கும் சட்டமாயினும், அருகில் மருத்துவரும் துணையும் இல்லாவிடில் பயன் குன்றும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாகும். நம் நாட்டுச் சட்டத்தில் வீட்டிலிருப்போர்க்கான அத்தகைய ஆணை இல்லை. ஆணை இல்லாத இடத்தை அன்பும் அண்டையாரும் மாவட்ட மனநலத் திட்டமுமே நிரப்ப வேண்டியுள்ளது.

நாம் செய்யத்தக்கவை

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம்போன்ற குடும்பங்களுக்கு இச்சட்டத்தில் உடனே கருதத்தக்க பகுதி ஒன்று உண்டு. நியமனப் பிரதிநிதி யார் என்பதை, வயதுவந்த எவரும், நலமாயிருக்கும்போதே, வெறுந்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு வைக்கலாம். பெற்றோர் ஊரில் முதுமையில் இருப்பர். அண்ணன் வேறு நகரில் இருப்பார். நெருக்கடி நள்ளிரவில் வரும். அந்நேரத்தில் மருத்துவமனையில் நின்று விண்ணப்பிக்கத்தக்கவர் யார் என்பதை முன்னரே முடிவுசெய்தல், நோய் கண்டவருக்குக் காட்டும் மரியாதையுமாகும். ஏனெனில் அவரைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளியே. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற நடுவண் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, 14416 என்னும் எண்ணில், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இயங்குகிறது. இவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைப்போமாக.

சங்கங்களுக்கும் இதில் பணியுண்டு. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் கூடும் நாம், மருத்துவமனைக்கு உடன்சென்று நோயாளியின் தமிழை மருத்துவருக்கு மொழிபெயர்க்க நான்கு பேரைத் திரட்ட இயலாதா? மகனை மருத்துவமனையில் விட்டுவிட்டு வரும் தாய்க்கு ஒருவேளை உணவும், இரவு தங்க ஓர் அறையும் தர இயலாதா? விழாவில் ஒரு குடும்பம் வராதபோது 'ஏன் வரவில்லை' என்று வம்பு பேசாமல், வீடு சென்று விசாரிக்க இயலாதா?

ஊரைக் காக்கச் சட்டம் எழுந்தது. சொத்தைக் காக்க எழுந்தது. பின்னர் நோயாளியைக் காக்கவும் எழுந்தது. அவரோடு கண்விழித்திருக்கும் குடும்பத்தைக் காக்கும் சட்டம் இனிமேல்தான் முழுமைபெற வேண்டும். அதுவரை அந்த வீட்டுக் கதவைத் தட்டும் பொறுப்பு நம்முடையதேயாகும்.