தைராய்டு எதிர்ப்பான் பரிசோதனை

தைராய்டு சுரப்பிக்கு எதிராக உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்பான்களை இரத்தத்தில் கண்டறியும் சோதனை. சுரப்பி மெல்ல அழிந்து ஹார்மோன் குறையும் ஹாஷிமோட்டோ நோயையும், ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயையும் இனங்காண உதவுகிறது.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அகற்றிய கழலைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1912இல் ஜெர்மன் இதழொன்றில் எழுதினார். சுரப்பித் திசுவெங்கும் லிம்போசைட் எனும் வெள்ளையணுக்கள் மொய்த்திருந்தன. பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்த அவர் 1934இல் டைபாய்டு கண்டு இறந்தார்.

அந்த அணுக்கள் அங்கே ஏன் குவிந்தன என்பதற்கு விடை கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாது என்ற நோயெதிர்ப்பியல் அறிஞர் பால் எர்லிக்கின் கருத்து அதுவரை ஆய்வாளர்களைக் கட்டிப்போட்டிருந்தது. அதை உடைத்தவர்களுள் ஒருவரான எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி எர்லிக்கின் மாணவர் மரபிலேயே வந்தவர். அமெரிக்காவின் பஃபலோ நகரில் அவரும் நோயல் ரோஸும் முயலின் தைராய்டுச் சாற்றை முயல்களுக்கே செலுத்தினர். எதிர்ப்பான்கள் தோன்றின, சுரப்பியும் அழற்சி கண்டது. அவர்களின் முடிவுகள் 1956இல் வெளிவந்தன.

அதே ஆண்டில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் நடந்ததே இன்றைய சோதனைக்கு வித்து. ஹாஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருந்த காமா குளோபுலின் (எதிர்ப்பான்கள் அடங்கிய புரதம்), சுரப்பியை அகற்றியபின் குறைவதை டெபோரா டோனியாக் கவனித்தார். அப்படியானால் அதைத் தூண்டும் பொருள் சுரப்பிக்குள்ளேயே இருக்கவேண்டும். ஐவன் ராய்ட், பீட்டர் கேம்ப்பெல் ஆகியோருடன் சேர்ந்து நோயாளியின் சீரத்தைத் தைராய்டுப் புரதத்துடன் சேர்த்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. தைரோகுளோபுலின் எனும் அப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பான் அகப்பட்டது. நோயாளியைக் கவனமாகப் பார்த்த ஒரு மருத்துவரின் கேள்வியிலிருந்து இக்கண்டுபிடிப்பு பிறந்தது என்பதே இதன் தனிச்சிறப்பு. நியூசிலாந்தின் டுனெடினில் ஆடம்ஸ், பர்வஸ் என்ற ஆய்வாளர்கள் கிரேவ்ஸ் நோயாளியின் சீரத்தில் சுரப்பியை நெடுநேரம் தூண்டும் ஒரு பொருளைக் கண்டதும் அக்காலத்தில்தான்; அதுவும் எதிர்ப்பானே எனப் பின்னர் தெளிவாயிற்று.

தொடக்கச் சோதனைகளுள் ஒன்றில், தைராய்டுப் புரதம் பூசிய சிவப்பணுக்கள் சீரத்தில் திரள்கின்றனவா என்று பார்த்தார்கள். இன்று தானியங்கிக் கருவிகளே அளந்துவிடுகின்றன. முன்பு ‘மைக்ரோசோமல்’ எனப்பட்ட மற்றோர் எதிர்ப்பானின் இலக்கு தைராய்டு பெராக்சிடேஸ் நொதி என்பது 1985இல் உறுதியானது. ஆய்வகச் சீட்டில் ‘ஆன்டி டிபிஓ’ என்றிருப்பது இதுவே.

ஹாஷிமோட்டோ நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த எதிர்ப்பான் காணப்படுகிறது. ஆனால் நோயற்றவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இருக்கிறது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், எதிர்ப்பானும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சின் உயர்வும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைபாடு முற்றியது. ஆகவே அறிக்கையில் ‘பாசிட்டிவ்’ என்று கண்டவுடன் கலங்கவேண்டாம். டிஎஸ்ஹெச் அளவைக் கண்காணிப்பது அவசியம். ஹாஷிமோட்டோ நோயில் தைராய்டு ஹார்மோன் மாத்திரையின் அளவு டிஎஸ்ஹெச்சைக் கொண்டே முடிவாகிறது. எதிர்ப்பானை அடிக்கடி அளந்து பணம் செலவிடவேண்டியதில்லை. கிரேவ்ஸ் நோயுள்ள கர்ப்பிணிகளின் நிலை வேறு: அந்நோயை உண்டாக்கும் டிஎஸ்ஹெச் ஏற்பி எதிர்ப்பான் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் சுரப்பியையும் தூண்டக்கூடும் என்பதால், அவர்கள் அந்த எதிர்ப்பானுக்கான சோதனையைத் தவறவிடக்கூடாது.