அரிய நோய்கள்: அரசுக்கு எடுத்துச் சொல்பவர் யார்?

என் அக்காவின் மகனுக்கு ஏழு வயது. படியேறச் சிரமப்பட்டான், தரையிலிருந்து எழும்பத் தொடையில் கையூன்றினான். நானுஓயாவில் ரயிலேறி அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். டுஷென் தசைநலிவு நோய் என்றார்கள்.

"தாய்வழியில் வேறு ஆண் பிள்ளைகளுக்கு இப்படி இருந்ததா?" என்று வைத்தியர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பெரியம்மா குடும்பம் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போனது. சின்னம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனது. இறுதி யுத்தத்தோடு தொடர்பு அறுந்தது.

அந்தக் கேள்வி வீண் கேள்வி அல்ல. இந்நோய் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. தாய் மரபணுக் குறையைச் சுமப்பவரானால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 வீத வாய்ப்புண்டு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்க அதே வாய்ப்பு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது புதிதாகவே தோன்றுகிறது. எது என்று தெரிந்தால்தான் தங்கைமாருக்கும் மகள்மாருக்கும் ஆலோசனை சொல்லலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2,000 பேரில் ஒருவருக்கு மேல் வராத நோயே அரிய நோய். தனித்தனியே அரிது, சேர்த்தால் உலகில் 30 கோடிப் பேர் என மதிப்பிடுகிறார்கள். எண்ணிக்கை சிதறியிருப்பதால் அவர்கள் குரல் அரசுக்கு எட்டுவதில்லை. இதற்காகவே அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2015இல் அரிய நோய் ஆலோசனைச் சபையைச் சட்டத்தால் அமைத்தது. வைத்தியர், ஆய்வாளரோடு நோயாளர் தரப்பும் அதில் அமர்கிறது. இன்று 25க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சபைகள் உண்டு. இந்தியா 2021இல் தேசியக் கொள்கை வெளியிட்டது. ஐ.நா. பொதுச்சபை அதே ஆண்டு டிசம்பரில் அரிய நோயாளர் உரிமை பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

இலங்கையிலும் அடித்தளம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983இல் தொடங்கியது. பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொயிட் குறையைக் கண்டறியும் பரிசோதனையும் நடக்கிறது. உரிய நேரத்தில் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சிக் குறைவைத் தடுக்கலாம்.

இங்கு அப்படியொரு ஆலோசனைச் சபை அமைந்தால், லயத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் ஒரு தாயாவது அதில் இருக்க வேண்டும். இடம்பெயர்வு உறவுகளைப் பிரித்ததோடு நோய் வரலாற்றையும் அழித்ததை அவரால்தான் சொல்ல முடியும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஊரில் மூத்தவர்கள் இருக்கும்போதே மூன்று தலைமுறைப் பெயர்களையும், சிறுவயதில் இறந்தவர்களையும், நடக்க முடியாமல் போனவர்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அம்மா சொல்லச் சொல்ல நானும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.