இரண்டு வாக்கியங்கள்: பவுலெஸ்குவும் இன்சுலினும்

இன்சுலின் என்றவுடன் டொரான்டோ நகரும் பாண்ட்டிங், பெஸ்ட் ஆகியோரின் பெயர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த நிகொலாயெ பவுலெஸ்குவை (1869–1931) அறிந்தவர் குறைவு. அவரை நாம் அறிய நேர்ந்தது மருத்துவத்தின் வழியே அன்று. ஒரு நூற்பகுதி எவ்வாறு பிழையாக வாசிக்கப்படுகிறது என்னும் ஆர்வத்தின் வழியே அவரிடம் வந்து சேர்ந்தோம். ஏடுகளில் ஓர் எழுத்து மாறியதால் பொருள் திரிந்த கதைகளை வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது அந்நியமான கதை அன்று.

பாரிசில் லான்ஸ்ரோ என்னும் மருத்துவரிடம் பயின்ற பவுலெஸ்கு, 1900இல் தாயகம் திரும்பினார். கணையச் சாற்றைக் கொண்டு நீரிழிவைத் தணிக்கும் சோதனைகளை 1916இல் நடத்தினார். அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மானியப் படைகள் புக்காரெஸ்டைக் கைப்பற்றின, பணி தடைப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் தொடங்கி, 1921 ஏப்ரல் முதல் ஜூன் வரை நான்கு குறிப்புகளை அறிஞர் அவையில் அளித்தார். விரிவான கட்டுரை பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து வெளிவந்த பிரெஞ்சு உடலியங்கியல் இதழொன்றுக்கு ஜூன் 22 அன்று சென்றடைந்து, ஆகஸ்ட் 31 அன்று அச்சேறியது.

அதில் சொல்லப்பட்டவை தெளிவானவை. கணையம் அகற்றப்பட்டு நீரிழிவுக்கு ஆட்பட்ட நாயின் சிரையில் கணையச் சாற்றைச் செலுத்தினால், இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை குறைகிறது. யூரியாவும் கீட்டோன் பொருள்களும் குறைகின்றன. விளைவு உடனே தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உச்சம் அடைந்து, பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கிறது. செலுத்தும் அளவுக்கேற்ப அது மாறுபடுகிறது. அந்தச் சாற்றுக்கு அவர் இட்ட பெயர் 'பங்க்ரெயின்'.

டொரான்டோவில் பாண்ட்டிங்கும் பெஸ்டும் தம் சாற்றை ஒரு நாய்க்கு முதன்முதலாகச் செலுத்தியது 1921 ஜூலை 30 அன்று. அதாவது பவுலெஸ்குவின் கட்டுரை இதழாசிரியரின் கையில் சேர்ந்து ஐந்து வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. 1922 பிப்ரவரியில் வெளிவந்த தம் முதற் கட்டுரையில் அவ்விருவரும் அவருக்கு இரண்டு வாக்கியங்களை ஒதுக்கினர். முதல் வாக்கியம் அவருடைய சாறு சர்க்கரையைக் குறைத்ததை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது வாக்கியம், புறச்சிரைகளில் செலுத்தியபோது பயன் இல்லை என்றும், இரண்டாம் முறை செலுத்தியபோது முதல் முறையளவு விளைவு இல்லை என்றும் அவர் கண்டதாகச் சொல்கிறது. பவுலெஸ்கு எழுதியது அதுவன்று. ஆயினும் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு அந்த இரண்டாவது வாக்கியமே பவுலெஸ்குவாயிற்று.

டொரான்டோவின் சாதனையைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. 1922 ஜனவரி 11 அன்று லியனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அவர்களுடைய சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தூய்மைக் குறைவால் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. வேதியியலாளர் கொல்லிப் தூய்மைப்படுத்திய சாற்றை ஜனவரி 23 அன்று செலுத்திய பின்னரே சிறுவன் தேறினான். மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். பட்டினிக்கு நிகரான உணவுக் கட்டுப்பாடு ஒன்றே சிகிச்சையாக இருந்த காலத்தில் இது எத்தகைய மாற்றம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதருக்கு உகந்த தூய சாறு பவுலெஸ்குவிடம் இல்லை. 1922 ஏப்ரல் 10 அன்று அவர் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்குள் டொரான்டோ வெகுதூரம் முன்னேறியிருந்தது. 1923ஆம் ஆண்டின் நோபல் பரிசு பாண்ட்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மக்லியாடுக்கும் சென்றது. பாண்ட்டிங் தம் பங்குத் தொகையைப் பெஸ்டுடனும், மக்லியாட் கொல்லிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். பவுலெஸ்குவுக்குப் பகிர எவருமில்லை.

1969இல் ருமேனியப் பேராசிரியர் இயோன் பவெல் இதுபற்றிக் கேட்டு எழுதியபோது, முதியவராகிவிட்ட பெஸ்ட் வருத்தம் தெரிவித்து மறுமொழி எழுதினார். தம் குறைவான பிரெஞ்சு அறிவை நம்பினோமா, அல்லது எவரேனும் செய்த மொழிபெயர்ப்பை நம்பினோமா என்பது நினைவில் இல்லை என்றார் அவர். 1971இல் ஸ்காட்லாந்து மருத்துவர் இயன் மரே மருத்துவ வரலாற்று இதழொன்றில் பவுலெஸ்குவின் பணியை விரிவாக மதிப்பிட்டார். 1990இல் ருமேனிய அறிவியற் கழகம் அவரை மறைவுக்குப் பின் உறுப்பினராக ஏற்றது.

இங்கே நிறுத்திக்கொண்டால், புறக்கணிக்கப்பட்ட ஒரு மேதையின் கதையாக இது அழகாக முடிந்துவிடும். ஆனால் பவுலெஸ்கு யூதர்களுக்கு எதிராகக் கடும் வெறுப்பைப் பரப்பியவர், 1922இல் ஏ. சி. குசாவுடன் சேர்ந்து யூத எதிர்ப்பைக் கொள்கையாகக் கொண்ட கட்சியொன்றைத் தோற்றுவித்தவர். 2003 ஆகஸ்டில் பாரிசின் ஓத்தேல் தியூ மருத்துவமனையில் அவருடைய மார்பளவுச் சிலையைத் திறக்க ஏற்பாடாகியிருந்தது. சைமன் வீசெந்தால் மையம் அவருடைய எழுத்துகளைச் சுட்டி எதிர்ப்புத் தெரிவிக்க, விழா கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே என்பது நம் எண்ணம். 1921இன் கட்டுரையும் அவர் எழுதியதே. அதிலுள்ள முடிவுகளை அவர் எழுதியவாறே எடுத்துரைக்க வேண்டும் என்பதும் நம் எண்ணமே.